மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

நுழையும்முன்

நோயுற்ற ஒருவர் தம் துன்பத்தை எடுத்துரைப்பதும், மருத்துவர் அதனைப் பிழையறப் புரிந்துகொள்வதும் மருத்துவத்தின் முதற்படி. இருவருக்கும் இடையே மொழி தடையாக நின்றால் மருந்து இருந்தும் பயனில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இலங்கையில் ஆட்சிமொழியாக ஆங்கிலம் இருந்தது. அத்தீவு முழுமையிலும் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்த தமிழ் மக்கள், யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் தமிழ் மட்டுமே அறிந்து வாழ்ந்தனர். அம்மக்களின் மொழியைத் தாமும் கற்று, தம்மிடம் பயின்ற மருத்துவர்களையும் அம்மொழியிலேயே உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இப்பாடம்.

பிறப்பும் கல்வியும்

வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் அருகே பசுமை சூழ்ந்த மேட்டுநிலமாகிய கிரீன்ஹில் பண்ணையில், 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் சாமுவேல் பிஸ்க் கிரீன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. நியூயார்க் பெருநகரின் வளர்ச்சிக்கும் அங்குள்ள மையப் பூங்காவின் உருவாக்கத்திற்கும் உழைத்த ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் இவருடைய தமையனாரே.

கிரீன் நியூயார்க்கில் உள்ள மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பிறந்த மண்ணிலேயே தொழில் நடத்திப் பொருளும் பெயரும் ஈட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவரோ அயல்நாடு சென்று மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் ஆற்ற விரும்பினார். அமெரிக்கத் திருச்சபையினரின் அயல்நாட்டுப் பணிக்குழு அவரை இலங்கைக்கு அனுப்ப இசைந்தது. 1847ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அவர், பல திங்கள் கடற்பயணத்திற்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் அமைந்த களம்

கிரீன் வந்திறங்கிய யாழ்ப்பாணம் கல்வியில் வறண்ட நிலமன்று. அமெரிக்கப் பணிக்குழுவினர் 1816ஆம் ஆண்டு முதலே அங்குப் பள்ளிகளை நடத்திவந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய உயர்கல்விக்கூடம், தமிழும் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் கற்பித்தது. 1841இல் 'உதயதாரகை' என்னும் இதழ் தோன்றியது. 1842இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால் உருவான தமிழ் அகரமுதலி மானிப்பாயில் அச்சேறியது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் அது வழங்கப்படுகிறது. சொல்லைத் தொகுக்கவும் அச்சிடவும் அறிந்த ஊரில்தான் கிரீன் தம் பணியைத் தொடங்கினார்.

மேலை மருத்துவமும் அங்குப் புதிதன்று. 1820ஆம் ஆண்டு பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் ஜான் ஸ்கடர். அவர் 1836இல் சென்னைக்குச் சென்ற பிறகு நேதன் வார்டு என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார். அவரும் தாயகம் திரும்பிய பின்னரே கிரீன் அங்கு வந்தார். சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்த அவர், 1848இல் மானிப்பாயைத் தம் நிலையான பணியிடமாக்கிக் கொண்டார்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்களின் நோய்க்குத் துணை நின்றவர்கள் நாட்டு மருத்துவர்களே. பரியாரியார் என்று அவர்களை மக்கள் மதிப்புடன் அழைத்தனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏட்டுச்சுவடிகளைக் காத்தனர். மூலிகைகளின் பெயரும் குணமும் அறிந்திருந்தனர். ஆயினும் வாந்திபேதியும் பெரியம்மையும் பரவிய காலங்களில் ஊர்கள் நடுங்கின. கண்நோய், ஆறாத புண், எலும்பு முறிவு, இடர்மிகுந்த மகப்பேறு ஆகியவற்றிற்கு அறுவை மருத்துவத்தின் துணை வேண்டியிருந்தது. இந்தத் தேவையோடுதான் மக்கள் மானிப்பாய் மருத்துவமனையை நாடி வந்தனர்.

நோயாளியின் மொழி

தொடக்கத்தில் கிரீனுக்குத் தமிழ் தெரியாது. நோயாளி கூறுவதை மொழிபெயர்ப்பவர் ஒருவர் துணையோடுதான் அவர் அறியவேண்டியிருந்தது. இவ்வாறு அறிவதில் உள்ள இடர்ப்பாட்டைத் தமிழறிந்தோர் எளிதில் உணரலாம். தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் பல. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. எரிச்சல் வேறு, கடுப்பு வேறு. உளைச்சல் வேறு, பிசைதல் வேறு. தலை விண்விண் என்று தெறிப்பதும், பல் சுருக்கென்று குத்துவதும், வயிறு முறுக்கிப் பிடிப்பதும் வெவ்வேறு நோய்நிலைகளைச் சுட்டுவன. இச்சொற்கள் அனைத்தையும் வலி என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்து உரைத்தால், நோயை அறிவதற்குரிய முதற்சான்றே மறைந்துபோகும்.

மருத்துவர் கூறுவதும் அவ்வாறே. எந்த மருந்தை எவ்வளவு, எப்போது, உணவுக்கு முன்னோ பின்னோ உண்ணவேண்டும் என்பதில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் உயிருக்கே கேடு நேரும். காயத்தைக் கழுவும் முறையையும், குடிநீரைக் காய்ச்சும் காரணத்தையும் மக்கள் தம் மொழியில் கேட்டால்தான் நம்புவர், நம்பினால்தான் செய்வர்.

கிரீன் தமிழைக் கற்கத் தொடங்கினார். எழுத்தும் இலக்கணமும் மட்டுமன்றி, மக்களின் வழக்கையும் செவிமடுத்துக் கற்றார். நாளடைவில் நோயாளிகளுடன் தமிழிலேயே உரையாடும் திறம் பெற்றார். தாம் ஒருவர் தமிழ் கற்றுவிட்டால் போதும் என்று அவர் எண்ணிவிடவில்லை. அயல்நாட்டிலிருந்து வரும் மருத்துவர் ஒருவர் எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? அவருக்குப் பின் யார் இருப்பர்? இவ்வினாக்களுக்கு விடையாகவே அவர் மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

மானிப்பாய் மருத்துவப் பள்ளி

1848ஆம் ஆண்டு மானிப்பாயில் மருத்துவ வகுப்பு தொடங்கப்பெற்றது. வட்டுக்கோட்டைக் கல்விக்கூடத்தில் பயின்ற இளைஞர் சிலர் அதன் தொடக்க மாணவர்கள். உடற்கூறு, உடலியக்கம், மருந்தியல், அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றைப் பாடமாகக் கற்றதோடு, மருத்துவமனையில் கிரீனுடன் இருந்து செய்முறையாகவும் அவர்கள் பழகினர். புண்ணுக்குக் கட்டிடுவது முதல் அறுவை மருத்துவத்தில் துணை நிற்பது வரை அனைத்தையும் கண்டும் செய்தும் கற்றனர்.

தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. பாடநூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவரும் ஆங்கிலம் அறிந்தவர். எனவே இதில் தடை ஒன்றும் தோன்றவில்லை. ஆனால், பயிற்சி முடித்தவர்களுள் பலர் ஊர்களில் தங்கவில்லை. ஆங்கிலமும் மருத்துவமும் அறிந்த இளைஞருக்கு அரசுப்பணி காத்திருந்தது. ஊதியமும் மதிப்பும் அங்கேதான் கிடைத்தன. சிற்றூர் மக்களுக்காக உருவாக்கப்பட்ட மருத்துவர்கள் அம்மக்களை விட்டே அகன்றனர். கற்ற மொழியே அவர்களைக் கொண்டுசென்றது என்பதைக் கிரீன் கண்டறிந்தார்.

இதனிடையே பணிக்குழுவின் கல்விக்கொள்கையிலும் மாற்றம் நேர்ந்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வுக்குழு, மக்கள்மொழிக் கல்வியை வலியுறுத்தியது. வட்டுக்கோட்டைக் கல்விக்கூடம் அவ்வாண்டே மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை விரும்பிய யாழ்ப்பாணத்தாருக்கு அது பேரிழப்பாகத் தோன்றியது. ஆங்கிலம் உயர்வுக்கு வழி என்பதும், தமிழ் மக்களைச் சென்றடைய வழி என்பதும் ஒருங்கே உண்மையாக இருந்த காலம் அது. இவ்விரண்டுள் எதனைத் தேர்வது என்னும் வினா கிரீனின் முன்னும் நின்றது.

தமிழே பயிற்றுமொழி

பத்தாண்டுப் பணிக்குப் பின் 1857இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். தாயகத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்த அவர், 1862இல் மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை அவருடைய உள்ளத்தில் தெளிந்த திட்டம் ஒன்று இருந்தது. 1864ஆம் ஆண்டு முதல் மானிப்பாய் மருத்துவப் பள்ளியில் மேலை மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது.

இம்மாற்றம் எல்லாராலும் விரும்பி ஏற்கப்படவில்லை. தமிழில் பயின்றால் அரசுப்பணி கிட்டாது என்ற அச்சம் மாணவருக்கும் பெற்றோருக்கும் இருந்தது. அவ்வச்சம் அடிப்படையற்றதும் அன்று. அரசு அலுவலகங்களும் மருத்துவத்துறையும் ஆங்கிலத்திலேயே இயங்கின. ஆனால் கிரீனின் நோக்கம் வேறு. அரசுப்பணிக்கு ஆள் அனுப்புவது தம் பள்ளியின் கடமையன்று எனவும், ஊர்தோறும் ஒரு நல்ல மருத்துவர் தங்கியிருப்பதே தமக்கு வேண்டியது எனவும் அவர் உறுதியாக எண்ணினார். தமிழில் கற்றவர் தமிழ் மக்களிடையே வாழ்வார்; தாம் கற்றதை அவர்களுக்கு விளக்குவார்; நாட்டு மருத்துவரோடும் உரையாடுவார் என்று நம்பினார்.

மாணவரின் உடையிலும் பழக்கவழக்கங்களிலும் அவர் இதே கருத்தைக் கொண்டிருந்தார். மேலைக் கல்வி பெற்றோர் மேலை உடையை அணிந்து, தம் மக்களிடமிருந்து வேறுபட்டு நிற்பதை அவர் விரும்பவில்லை. கல்வியும் சமயமும் மாறினும் ஒருவர் தம் மண்ணின் இயல்பை இழத்தல் கூடாது என்பது அவருடைய கொள்கை. அயல்நாட்டவரும் சமயப் பணியாளருமான ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு எண்ணியது குறிப்பிடத்தக்கது.

கிரீன் தம் பணிக்காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராகப் பயிற்றுவித்தார். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

சொல்லைத் தேடிய மருத்துவர்

தமிழில் கற்பிக்க முற்பட்டவுடன் எழுந்த முதல் தடை, பாடநூல் இல்லை என்பது. பாடநூல் எழுத முற்பட்டவுடன் எழுந்த அடுத்த தடை, கலைச்சொல் இல்லை என்பது. கிரீன் இரண்டையும் ஒருசேர எதிர்கொண்டார்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். முதலில் தமிழில் முன்னரே வழங்கும் சொல் உண்டா என்று தேடினார். அதற்கு நாட்டு மருத்துவ நூல்களும் மக்கள் வழக்கும் துணைபுரிந்தன. தமிழில் பொருந்திய சொல் கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்து எழுதினார். தம் விருப்பம்போல் சொற்களைப் படைத்து நூலில் புகுத்தாமல், கலைச்சொற் பட்டியல்களை அணியப்படுத்தி, பிறரோடு கலந்தாய்ந்து, திருத்தி வழங்கினார்.

அவர் ஆண்ட சொற்களை நோக்கினால் இம்முறை விளங்கும். உடற்கூறு பற்றிய அறிவியலுக்கு அவர் கொண்ட பெயர் அங்காதிபாதம். நாட்டு மருத்துவத்தில் உடலுறுப்புகளை விளக்கும் நூலுக்கு வழங்கிய பெயர் இது. பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையை அறிந்த தமிழ் மாணவருக்கு, உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படுத்தி விளக்குவது என்ற பொருளை இப்பெயர் உடனே உணர்த்தியிருக்கும். முற்றிலும் புதிய அறிவியல் ஒன்று பழகிய பெயருடன் மாணவர் முன் வந்தது. அறுவை மருத்துவத்திற்கு அவர் கொண்ட பெயர் இரண வைத்தியம். இரணம் என்பது புண்ணைக் குறித்து மக்களிடையே வழங்கிய சொல். வேதியியலுக்கோ ஏற்ற பழஞ்சொல் கிடைக்கவில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் அமைத்துக் கெமிஸ்தம் என்றார். உடலியக்கத்திற்குச் சுகரணம் என்பதும், உடல்நலம் பேணலுக்கு உற்பாலனம் என்பதும் அவர் நூல்களில் இடம்பெற்றன.

இச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. வடமொழிச் சொற்கள் மிகுந்த நடை அவருடையது. அக்காலத் தமிழ் உரைநடையின் பொதுவியல்பு அது. பின்வந்தோர் தூய தமிழ்ச்சொற்களைக் கண்டு அவற்றை மாற்றினர். எனினும், எந்த அறிவியலையும் தமிழில் சொல்ல முடியும் என்பதையும், சொல் இல்லையெனில் அதனை முறையாகத் தேடிக் காண முடியும் என்பதையும் மெய்ப்பித்துக் காட்டிய பெருமை அவருக்கு உண்டு.

கிரீனின் சொல்லும் இன்றைய சொல்லும்

அங்காதிபாதம் – உடற்கூறியல்
சுகரணம் – உடலியங்கியல்
உற்பாலனம் – நலவாழ்வியல்
இரண வைத்தியம் – அறுவை மருத்துவம்
பிரசவ வைத்தியம் – மகப்பேறு மருத்துவம்
கெமிஸ்தம் – வேதியியல்

நூல்கள்

கிரீன் மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் பதிப்பித்தும் வெளியிட்ட மருத்துவ நூல்கள், ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்கள் அளவினவாகும். தனி ஒருவராக இப்பணியை முடித்துவிட இயலாது. அவரிடம் பயின்ற டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மருத்துவர்கள் அவருக்கு உறுதுணையாக இருந்தனர். பெயரால் ஆங்கிலேயர்போல் தோன்றினும் இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே. பணிக்குழுவின் பள்ளியில் பயின்ற மாணவருக்கு, அவர்களின் கல்விக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து, மூலநூலின் பொருளை ஆராய்ந்து, தமிழ்ச்சொல்லை நிறுத்துப் பார்த்து எழுதிய கூட்டுழைப்பின் பயனே இந்நூல்கள்.

கட்டர் என்பவரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் இவ்வரிசையில் முதலாவது. இதுவும், மோன்செல் இயற்றிய நூலின் தமிழாக்கமான பிரசவ வைத்தியமும் அவருடைய முதற்பணிக்காலத்தின் பயன்கள். துரூயிட்டின் நூல் இரண வைத்தியம் என்னும் பெயரில் 1867இல் வெளிவந்தது. 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரிலும், ஊப்பரின் மருத்துவ நூல் வைத்தியாகரம் என்னும் பெயரிலும் தமிழாயின. வெல்ஸ் எழுதிய வேதியியல் நூல் கெமிஸ்தம் என்னும் பெயருடன் 1875இல் நாகர்கோவிலில் அச்சிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் உருவான தமிழ் அறிவியல் நூல், கடலின் இக்கரையில் அச்சேறியதை இங்கு நினைவுகொள்ளலாம்.

கிரேயின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளியான ஆண்டு 1858. இன்றளவும் உலக மருத்துவ மாணவர் போற்றும் அந்நூல், பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழில் கிடைத்தது. எண்ணூறு பக்கங்களைக் கடந்த அப்பெருநூலில், எலும்பும் தசையும் நரம்பும் குருதிக்குழாயும் ஒவ்வொன்றும் தமிழ்ப்பெயருடன் விளக்கம் பெற்றன.

தெரிந்து தெளிவோம்

கிரீனுக்கு முன் யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய ஜான் ஸ்கடரின் வழித்தோன்றல்கள் பலர், தமிழகத்தில் மருத்துவத் தொண்டாற்றினர். அவருடைய பேத்தியாகிய ஐடா ஸ்கடர் அம்மையாரே வேலூரில் புகழ்பெற்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நிறுவியவர்.

கிரீன் பணியாற்றிய மானிப்பாய் மருத்துவமனை, பிற்காலத்தில் கிரீன் நினைவு மருத்துவமனை என்று பெயர் பெற்றது. வூஸ்டரில் அவர் பிறந்த கிரீன்ஹில் பண்ணை இன்று அந்நகர மக்களின் பூங்காவாகத் திகழ்கிறது.

கடல் கடந்து தொடர்ந்த பணி

ஓய்வறியாத உழைப்பு கிரீனின் உடல்நலத்தைக் குன்றச் செய்தது. 1873இல் அவர் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். மீண்டும் யாழ்ப்பாணம் செல்லும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. ஆயினும் அவருடைய தமிழ்ப்பணி நின்றுவிடவில்லை.

வூஸ்டரில் இருந்தபடியே அவர் மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர்கள் அனுப்பிய படிகள் கப்பலில் அவரை அடைந்தன. அவர் திருத்திய படிகள் மீண்டும் கப்பலில் யாழ்ப்பாணம் சென்றன. ஒரு சொல்லைப் பற்றிய ஐயம் தீர்வதற்குள் பல திங்கள் கழிந்த காலம் அது. சுற்றிலும் தமிழ் பேசுவோர் எவரும் இல்லாத ஊரில், தமிழ் மருத்துவச் சொற்களை ஆராய்ந்தபடி அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். தால்தன் என்பாரின் உடலியங்கியல் நூல் மனுஷ சுகரணம் என்னும் பெயரில் 1883இல் வெளிவந்தது. இந்திய மருந்துகளைப் பற்றி வாரிங் தொகுத்த நூல் இந்து பதார்த்த சாரம் என்னும் பெயரில் 1884இல் வெளிவந்தது.

அவ்வாண்டு மே 28ஆம் நாள் கிரீன் தம் அறுபத்திரண்டாம் அகவையில் கிரீன்ஹில்லில் இயற்கை எய்தினார். தமிழருக்கு மருத்துவ நற்பணியாளராக வாழ்ந்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என அவர் விரும்பினார். அவ்வாறே வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது. தமிழ் வழங்காத மண்ணில் தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது அக்கல்.

பின்னர் நேர்ந்தது

கிரீன் கண்ட கனவு முழுமையாக நிறைவேறியது என்று கூற இயலாது. 1870ஆம் ஆண்டு கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயிற்றுமொழி ஆங்கிலம். அரசின் ஏற்பும் அதற்கே இருந்தது. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வி, கிரீன் அகன்ற பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருக்குப் பின் அதே ஊக்கத்துடன் அதனை நடத்தவும், அரசின் துணையைப் பெற்றுத் தரவும் ஆள் இல்லை. பாடநூல்கள் மறுபதிப்புக் காணாது அருகின. மேலை மருத்துவத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்க முடியும் என்ற எண்ணம் மீண்டும் வேரூன்றியது.

இங்கு ஓர் உண்மையை அறியவேண்டும். தமிழில் சொல் இல்லாததால் அம்முயற்சி நின்றுவிடவில்லை. நூல் இல்லாததாலும் நின்றுவிடவில்லை. சொல்லும் நூலும் ஆசிரியரும் மாணவரும் இருந்தனர். தமிழில் கற்றவருக்குப் பணியும் ஏற்பும் அளிக்கும் அமைப்பே இல்லாதிருந்தது. ஒரு மொழி அறிவியல்மொழியாக நிலைபெறுவதற்கு அதன் சொல்வளம் மட்டும் போதாது. கற்றவர் வாழ்வதற்கு வழியும் வேண்டும் என்பதை மானிப்பாயின் வரலாறு உணர்த்துகிறது.

எனினும் அவர் விதைத்தது முற்றும் பாழாகவில்லை. அவரிடம் பயின்றோர் யாழ்ப்பாணத்து ஊர்களில் தங்கி நெடுநாள் மருத்துவம் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் தமிழில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, கிரீனின் நூல்கள் முன்மாதிரியாகச் சுட்டப்பட்டன. ஈழத்துக் கவிஞர் அம்பி, கிரீனின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து, 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை 1967இல் வெளியிட்டார். மறக்கப்பட்டிருந்த ஒரு வரலாறு அதனால் மீண்டும் தமிழரிடையே பேசப்பட்டது.

நிறைவாக

இன்று மருத்துவமனைகள் பெருகியுள்ளன, கருவிகள் பெருகியுள்ளன. ஆயினும் மருத்துவர் எழுதித்தரும் சீட்டையும், மருந்துப் பெட்டியின் மீதுள்ள குறிப்பையும், அறுவைக்கு முன் கையொப்பமிடும் படிவத்தையும் படித்தறிய இயலாதோர் நம்மிடையே உள்ளனர். தமிழகத்தில் பணிபுரியும் பிறமொழி பேசும் தொழிலாளி ஒருவர், நோயுற்றுத் தம் துன்பத்தைச் சொல்ல இயலாது தவிப்பதும் உண்டு. அயல்மாநிலத்தில் நோயுறும் தமிழருக்கும் அதே நிலைதான். நோயாளியின் மொழியை அறிதல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என அனைவருக்கும் தேவையான தொழில்திறன். அது அவர்கள் காட்டும் சலுகையன்று.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் கடல் கடந்து நெடுந்தொலைவிலிருந்து வந்து இதனை உணர்ந்தார். தம் மொழியைப் பிறர் கற்கட்டும் என்று காத்திராமல், பிறர் மொழியைத் தாம் கற்றார். அதன்பின் அம்மொழியில் மருத்துவரை உருவாக்கினார். அம்மருத்துவருக்கு நூல்களை உருவாக்கினார். அந்நூல்களுக்குச் சொற்களைத் தேடினார். மருத்துவம் பயில விழையும் மாணவர் நோயையும் மருந்தையும் கற்பதோடு, தம்மை நாடி வருவோரின் சொல்லையும் செவிமடுத்துக் கற்றல் வேண்டும். கிரீனின் வாழ்வு கூறும் பாடம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டாரத்தில் வலியையும் நோயையும் குறிக்க வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாடுகளை எழுதுக.

2. கிரீன் பின்பற்றிய கலைச்சொல்லாக்க முறையைக் கொண்டு, இன்று மருத்துவத்துறையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் ஐந்தனுக்குத் தமிழ்ச் சொற்களைக் கண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. உயர்கல்வியில் பயிற்றுமொழி தமிழாக இருத்தல் வேண்டும், ஆங்கிலமாக இருத்தல் வேண்டும் என்னும் இருநிலைகளையும் மானிப்பாய் மருத்துவப் பள்ளியின் வரலாற்றை முன்வைத்துச் சொற்போர் நிகழ்த்துக.